ஒரு கடிதம், 18 தொகுதிகள்: தகுதி நீக்கம் செய்யப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட விஷயம்

2017 செப்டம்பர் 18 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஆளுங்கட்சியான அதிமுகவைச் சேர்ந்த 18 உறுப்பினர்கள் ஒரே உத்தரவில் பதவி இழந்தார்கள். காரணம் ஆளுநரிடம் அவர்கள் கொடுத்த கடிதம். அவர்கள் அவையில் அரசுக்கு எதிராக வாக்களிக்கவில்லை, வேறு கட்சியில் சேரவுமில்லை. அரசியல் செய்தி படிப்பவர்களுக்கு ஆட்களைத் தெரிந்திருக்கும், ஆகவே இங்கே பெயர்கள் தேவைப்படவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பதவி வாழ்க்கை எந்தெந்த இடத்தில் எடுத்த முடிவால் திசை மாறுகிறது, அந்த முடிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதே இந்த ஆய்வின் அக்கறை. யார் விசுவாசி, யார் துரோகி என்ற விவாதத்தை அந்தந்தக் கட்சிக்காரர்களுக்கே விட்டுவிடலாம்.

பின்னணி

2016 மே தேர்தலில் அதிமுக தொடர்ந்து இரண்டாவது முறையாக ஆட்சியைப் பிடித்தது. இந்த 18 பேரில் பெரும்பாலோர் அப்போது வென்றவர்கள். அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டுக்கும் கதை வேறு. பணப் பட்டுவாடா புகாரால் அங்கே தேர்தல் தள்ளிப்போடப்பட்டு நவம்பரில்தான் வாக்குப்பதிவு நடந்தது. அந்த இரண்டு தொகுதிகளின் உறுப்பினர்களும் பதவியில் இருந்தது ஏறக்குறைய 10 மாதம்தான்.

2016 டிசம்பர் 5 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தார். இரண்டே மாதத்தில் கட்சி இரண்டானது. அவருக்குப் பின் வந்து 2017 பிப்ரவரியில் பதவி விலகிய முதல்வர் ஒரு பக்கம் நின்றார், பொதுச்செயலாளரை ஏற்றுக்கொண்டவர்கள் கூவத்தூர் விடுதியில் இருந்தார்கள். சொத்துக் குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்ததால் பொதுச்செயலாளர் பெங்களூரு சிறைக்குப் போனார். புதிய முதல்வர் பதவியேற்று, பிப்ரவரி 18 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் 122–11 என்ற கணக்கில் வென்றார். நம் ஆய்வுக்குரிய 18 பேரும் அன்று அந்த 122க்குள் இருந்தவர்கள். எதிர்த்து வாக்களித்த 11 பேரும் அதிமுகவினர், விலகிய முதல்வரின் அணியினர். இந்த 11 பிறகும் வரும்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று இரு அணிகளும் இணைந்தன. எதிர்த்து வாக்களித்த அணியின் தலைவர் துணை முதல்வர் ஆனார். சிறையில் இருந்த பொதுச்செயலாளரையும், அவர் நியமித்த துணைப் பொதுச்செயலாளரையும் ஓரங்கட்டுவது இணைப்பின் நிபந்தனையாக இருந்தது. துணைப் பொதுச்செயலாளரின் பக்கம் நின்ற உறுப்பினர்களுக்குக் கட்சிக்குள் இடமே இல்லாமல் போகும் நிலை ஒரே நாளில் உருவானது.

முதல் முடிவு: கடிதம்

மறுநாள் காலை, ஆகஸ்ட் 22 அன்று, துணைப் பொதுச்செயலாளர் பக்கம் நின்ற 19 உறுப்பினர்கள் ஆளுநரைச் சந்தித்தார்கள். ஆளுக்கொரு கடிதம், வாசகம் ஒன்றே. முன்பு முதல்வருக்குக் கொடுத்த ஆதரவைத் திரும்பப் பெறுகிறோம், அவர்மேல் நம்பிக்கை இழந்துவிட்டோம், அரசியல் சட்டப்படி நடவடிக்கை எடுங்கள் என்பதே சாரம். கட்சியை விட்டு விலகவில்லை, முதல்வரை மாற்றத்தான் கேட்கிறோம் என்பதே கடைசிவரை அவர்கள் நிலை.

இந்த வழியைத் தேர்ந்ததற்குக் கணக்கு ஒன்று இருந்தது. ஜெயலலிதா மறைவால் அவரது ஆர்.கே.நகர் தொகுதி காலி, 234 பேர் கொண்ட அவையில் அப்போது 233 பேர். பெரும்பான்மைக்கு 117 வேண்டும். அதிமுகவுக்குப் பேரவைத் தலைவரையும் சேர்த்து 135. அதில் 19 போனால் 116. வாக்கெடுப்பு என்று வந்தால் அரசு ஆட்டம் காணும். ஆளுநர் வாக்கெடுப்புக்கு உத்தரவிடுவார், அல்லது அந்த அச்சத்திலேயே கட்சி முதல்வரை மாற்றும் என்று எதிர்பார்த்தார்கள். இரண்டும் நடக்கவில்லை.

அவர்கள் கைக்கு எட்டாத வழிகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1985இல் அரசியல் சட்டத்தின் 52ஆவது திருத்தத்தால், கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணை வந்தபோது, சட்டமன்றக் கட்சியில் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் பதவி போகாது என்ற விதி இருந்தது. 2003இல் 91ஆவது திருத்தம் அதை நீக்கியது. இப்போது மூன்றில் இரண்டு பங்கினரோடு வேறு கட்சியில் இணைந்தால் மட்டுமே பாதுகாப்பு, அதாவது ஏறக்குறைய 90 பேர். பழைய விதி இருந்திருந்தாலும் 45 பேர் தேவைப்பட்டிருக்கும். 19 பேருக்குச் சட்டத்தில் எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை. கட்சிக்குள் இருந்தபடியே முதல்வரை எதிர்ப்பது என்ற மெல்லிய கோட்டில்தான் நடக்க முடிந்தது.

கடிதம் கொடுத்த கையோடு புதுச்சேரியில் ஒரு விடுதிக்கும், பிறகு கர்நாடகத்தின் குடகுக்கும் போனார்கள். ஆட்களைக் காப்பாற்றிக்கொள்ள எல்லாக் கட்சிகளும் செய்வதுதான் இது; பிப்ரவரியில் கூவத்தூரிலும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் இந்த முறை அது இன்னொரு வகையில் செலவு வைத்தது.

கொறடாவின் புகாரும் நோட்டீசும்

அரசு கொறடா (ஆளுங்கட்சி உறுப்பினர்கள் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று உத்தரவிடுபவர்) பேரவைத் தலைவரிடம் புகார் கொடுத்தார்: இந்த உறுப்பினர்கள் பத்தாவது அட்டவணையின் 2(1)(அ) பிரிவின்படி ‘தாமாகவே கட்சி உறுப்பினர் நிலையைக் கைவிட்டவர்கள்’. ராஜினாமா செய்தால்தான் இந்தப் பிரிவு பொருந்தும் என்பதில்லை. ரவி நாயக் வழக்கில் 1994இலேயே உச்ச நீதிமன்றம், நடத்தையை வைத்தும் அதை முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டது. ராஜேந்திர சிங் ராணா வழக்கில் 2007இல், எதிர்க்கட்சித் தலைவரை ஆட்சி அமைக்க அழையுங்கள் என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்ததே கைவிடுதல் என்றது. 19 பேரும் எதிர்க்கட்சித் தலைவரை அழைக்கச் சொல்லவில்லை. அவர்களுக்குச் சாதகமான வேறுபாடு இதுதான்.

அவர்கள் பெரிதும் நம்பியது 2011ஆம் ஆண்டு கர்நாடகத் தீர்ப்பை. 2010 அக்டோபரில் கர்நாடகத்தில் 11 பாஜக உறுப்பினர்கள் இதேபோல ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். நம்பிக்கை வாக்கெடுப்புக்குச் சற்று முன்பு அவசர அவசரமாக அவர்களைப் பேரவைத் தலைவர் தகுதி நீக்கம் செய்தார். அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கே தீர்ப்பைச் சாய்த்தவற்றில் அவசரத்துக்குப் பெரிய பங்கு உண்டு: பதில் சொல்ல அவகாசமே கொடுக்கப்படவில்லை. சென்னையில் நோட்டீசிலிருந்து உத்தரவு வரை மூன்று வாரங்களுக்கு மேல் ஆனது. பெங்களூருவில் செய்ததைச் சென்னையில் செய்யக் கூடாது என்று யாரோ கவனமாகப் படித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது முடிவு: நேரில் போவதா, வக்கீல் மூலமா

நோட்டீசுக்கு 18 பேர் கொடுத்த பதில் பெரும்பாலும் நடைமுறை சார்ந்தது: ஆவணங்கள் வேண்டும், கூடுதல் அவகாசம் வேண்டும், குறுக்கு விசாரணை வேண்டும். உரிமை என்ற வகையில் தப்பில்லை. ஆனால் விசாரிப்பவர் பேரவைத் தலைவர். விசாரணைக்கு உரியவர்கள் வேறு மாநிலத்து விடுதியில். ‘நான் இன்னும் இந்தக் கட்சிக்காரன்’ என்று நேரில் வந்து சொல்ல வேண்டிய சமயத்தில் வராமல் இருந்தது, எதிர்த் தரப்பின் வாதத்துக்கே வலுச் சேர்த்தது.

19ஆவது உறுப்பினர் வேறு முடிவு எடுத்தார். கூட்டத்திலிருந்து விலகி, பேரவைத் தலைவரை நேரில் பார்த்து விளக்கம் கொடுத்து, முதல்வர் பக்கம் திரும்பினார். அவர் பதவி தப்பியது. ஒரே நாளில், ஒரே வாசகத்தில் கடிதம் கொடுத்தவர்களில் 18 பேர் கட்சியைக் கைவிட்டவர்கள், ஒருவர் கைவிடாதவர் என்று ஆனது. கடிதமே குற்றம் என்றால் கொடுத்த கணத்திலேயே குற்றம் முடிந்திருக்க வேண்டும். பிறகு மனம் மாறியதால் அது எப்படி அழியும் என்ற கேள்வி பிறகு உத்தரவை எதிர்த்து நடந்த வழக்கிலும் எழுந்தது. என் பார்வையில் இந்த உத்தரவின் மிகப் பலவீனமான கண்ணி அதுதான்.

இன்னொரு முரணும் உண்டு. வாக்கெடுப்பு கேட்டு ஆளுநரைச் சந்தித்த எதிர்க்கட்சித் தலைவர்கள் வெளியே வந்து, அந்த 19 பேரும் இன்னும் அதிமுகவில்தான் இருக்கிறார்கள், ஆகவே தலையிட முடியாது என்று ஆளுநர் கருதுவதாகச் சொன்னார்கள். வாக்கெடுப்பு வேண்டாம் என்பதற்கு ‘அவர்கள் கட்சிக்குள் இருக்கிறார்கள்’ என்பது காரணம். சில வாரங்களில் பதவி நீக்கத்துக்கு ‘அவர்கள் கட்சியைக் கைவிட்டார்கள்’ என்பது காரணம்.

பிப்ரவரியில் எதிர்த்து வாக்களித்த 11 பேருக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் மீது நடவடிக்கை கேட்டு எதிர்க்கட்சியான திமுக உயர் நீதிமன்றம் போனது; 2018 ஏப்ரலில் மனு தள்ளுபடியானது. உச்ச நீதிமன்றத்தில் 2020 பிப்ரவரியில், பேரவைத் தலைவர் முடிவெடுப்பார் என்ற அளவில் வழக்கு முடிந்தது. அவையில் அரசை எதிர்த்து வாக்களித்தவர்கள் அமைச்சர்களாகவும் உறுப்பினர்களாகவும் நீடித்தார்கள், அப்படி வாக்களிக்காதவர்கள் வீட்டுக்குப் போனார்கள். சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதை விளக்க முடியாது. எந்தப் புகாரை எப்போது எடுப்பது என்பது பேரவைத் தலைவர் கையில் இருக்கிறது என்பதே விளக்கம்.

உத்தரவும் எண்ணிக்கையும்

செப்டம்பர் 20 வரை நம்பிக்கை வாக்கெடுப்பு கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தக் கெடுவுக்கு 2 நாள் இருக்கும்போது, செப்டம்பர் 18 அன்று, தகுதி நீக்க உத்தரவு வந்தது. அவையின் பலம் 215 ஆனது. பெரும்பான்மைக்கு 108 போதும். ஆளுங்கட்சியிடம் 117. அரசுக்கு வந்த ஆபத்து ஒரே கையெழுத்தில் நீங்கியது.

உத்தரவை எதிர்த்து உறுப்பினர்கள் தொடுத்த வழக்கில், செப்டம்பர் 20 அன்று உயர் நீதிமன்றம் இரண்டு இடைக்காலத் தடைகளை விதித்தது: மறு உத்தரவு வரை வாக்கெடுப்பு கூடாது, காலியான 18 தொகுதிகளுக்குத் தேர்தல் அறிவிப்பும் கூடாது. இரண்டாவது தடை உறுப்பினர்களின் நன்மைக்காகத்தான். வென்றால் திரும்பிப் போக இடம் இருக்க வேண்டுமே. தொகுதிகளுக்கு அது நன்மையாக முடியவில்லை.

ஆள் இல்லாத தொகுதிகள்

பெரம்பூர் முதல் விளாத்திகுளம் வரை, ஆம்பூர், குடியாத்தம், அரூர், நிலக்கோட்டை, பரமக்குடி என்று மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடந்த 18 தொகுதிகள் 20 மாதம் உறுப்பினர் இல்லாமல் இருந்தன. வழக்கு பற்றி எழுதியவர்கள் பலர் இதைத் தாண்டிப் போய்விட்டார்கள். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் உள்ளாட்சி மன்றங்களும் இல்லை. அவற்றின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் வழக்குகளில் சிக்கியது. பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரிலும், எஞ்சிய 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியிலும்தான் தேர்தல் நடந்தது. அதுவரை தனி அலுவலர்கள் நிர்வாகம். ஆகவே ஆண்டிபட்டியிலோ சோளிங்கரிலோ குடியிருந்த ஒருவருக்கு வார்டு உறுப்பினர் இல்லை, ஊராட்சித் தலைவர் இல்லை, எம்.எல்.ஏ.வும் இல்லை. எஞ்சியது நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர்தான்.

எம்.எல்.ஏ. இல்லாவிட்டால் என்ன குறைகிறது என்று கேட்கலாம். முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுத்த ஒரு பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மனு கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கும், அங்கிருந்து வட்டாட்சியருக்கும் போக வேண்டும். எங்கோ ஒரு மேசையில் நிற்கிறது. உறுப்பினரின் தொகுதி அலுவலகத்துக்குப் போனால் உதவியாளர் மனுவின் நகலை வாங்கி, ‘ஆவன செய்யவும்’ என்று உறுப்பினரின் லெட்டர்பேடில் ஒரு வரி எழுதி, முத்திரை வைத்துக் கொடுப்பார். சட்டத்தில் அந்த வரிக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஆனால் தாலுகா அலுவலகத்தில் கட்டுக்குள் கிடக்கும் மனு மேலே வர அது போதும். அந்த வரி இல்லாதபோது பாட்டி ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளரைத் தேடிப் போகிறார். அவர் யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல.

அவைக்குள்ளும் இழப்பு உண்டு. மானியக் கோரிக்கை விவாதத்தில், கேள்வி நேரத்தில், கவன ஈர்ப்பில் தொகுதியின் பாலமும் குடிநீரும் பதிவாவது உறுப்பினர் எழுந்து பேசினால்தான். தொகுதி மேம்பாட்டு நிதிக்கு வேலைகளைப் பரிந்துரைக்க வேண்டியவரும் அவரே. 2018, 2019 நிதிநிலை அறிக்கைகள் இரண்டும் இந்த 18 தொகுதிகளின் உறுப்பினர்கள் இல்லாமலே தாக்கலாயின.

வழக்கில் இருந்தவர்களில் ஒருவராவது இதை உணர்ந்திருந்தார். முதல் தீர்ப்பு வந்ததும், வழக்கிலிருந்து விலகுகிறேன், தொகுதிக்குத் தேர்தல் வரட்டும் என்று வெளிப்படையாகவே அறிவித்தார்.

தீர்ப்புகள்

2018 ஜூன் 14 அன்று உயர் நீதிமன்ற அமர்வு மாறுபட்ட தீர்ப்பு தந்தது. தலைமை நீதிபதி உத்தரவு செல்லும் என்றார்: பேரவைத் தலைவர் எடுத்த பார்வை சாத்தியமான ஒன்று என்றால் அதற்குப் பதிலாக நீதிமன்றம் தன் பார்வையை வைக்க முடியாது. உடன் அமர்ந்த நீதிபதி, இயற்கை நீதி மீறல், உள்நோக்கம் உள்ளிட்ட காரணங்களைச் சொல்லி உத்தரவு செல்லாது என்றார். கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம் வரைந்த கோடு இது: பேரவைத் தலைவர் ஒரு தீர்ப்பாயம், அவர் முடிவை நீதிமன்றம் குறுகிய காரணங்களுக்காக மட்டுமே தொடலாம். இரு நீதிபதிகளும் அந்தக் கோட்டின் இரு புறமும் நின்றார்கள்.

மூன்றாவது நீதிபதியை உச்ச நீதிமன்றமே நியமித்தது. அக்டோபர் 25 அன்று அவர் தகுதி நீக்கம் செல்லும் என்றார்.

மூன்றாவது முடிவு: மேல்முறையீடா, தேர்தலா

உச்ச நீதிமன்றம் போகலாம் என்ற பேச்சு சில நாள் இருந்தது. பிறகு வேண்டாம், மக்களிடமே போவோம் என்று முடிவானது. தகுதி நீக்கம் ஆனவர் மீண்டும் போட்டியிடத் தடை இல்லை. இன்னொரு சுற்று வழக்கு என்றால் பதவிக்காலமே முடிந்துவிடும் அபாயமும் இருந்தது. சட்டக் கணக்கில் இது நியாயமான முடிவு. அரசியல் கணக்கில் அவர்கள் எண்ணியது போல நடக்கவில்லை.

2018 மார்ச்சில் மேலூரில் அவர்கள் தலைவரான அந்தத் துணைப் பொதுச்செயலாளர் அமமுகவை (அம்மா மக்கள் முன்னேற்றக் கழகம்) தொடங்கியிருந்தார். ‘நாங்கள் அதிமுகதான்’ என்று நீதிமன்றத்தில் வாதாடிய காலத்திலேயே வெளியே புதுக் கட்சிக் கொடி ஏறியது. இடைத்தேர்தலில் அமமுக பதிவு பெற்ற கட்சி அல்ல. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் பொதுச் சின்னமாகப் பரிசுப் பெட்டி கிடைத்தது. இரட்டை இலையில் வென்றவர்கள் அதே ஊரில் இரட்டை இலையை எதிர்த்து வாக்குக் கேட்டார்கள்.

2019 ஏப்ரல் 18இலும் மே 19இலும், இந்த 18ஐயும் காலியாக இருந்த வேறு 4ஐயும் சேர்த்து மொத்தம் 22 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தது. மே 23 அன்று முடிவு வந்தபோது திமுக 13, அதிமுக 9. அமமுகவுக்கு ஒன்றும் இல்லை. 18 தொகுதிகளை மட்டும் எடுத்தால் திமுக 10, அதிமுக 8. அந்த எட்டு ஆட்சியைக் காப்பாற்றப் போதுமானதாக இருந்தது.

18 பேரில் ஒருவர் மட்டும் அதே தொகுதிக்கு உறுப்பினராகத் திரும்பினார். அவர் 2018 டிசம்பரிலேயே திமுகவில் சேர்ந்து, அரவக்குறிச்சியில் உதயசூரியனில் நின்று வென்றவர். கட்சி மாறியதாகக் குற்றம் சாட்டப்பட்டபோது மாறாதிருந்தவர், பதவி போன பிறகு மாறி, அதன் மூலமே பதவிக்கு வந்தார். வேறொருவர் மக்களவைத் தேர்தலில் தோற்ற பிறகு 2019 ஜூனில் திமுகவில் சேர்ந்தார்.

எதை மாற்றியிருக்கலாம்

ஆளுநருக்கு எழுதாமல், பேரவையில் நிதி மசோதாவோ நம்பிக்கைத் தீர்மானமோ வரும்வரை காத்திருந்து வாக்களித்திருந்தால்? கொறடா உத்தரவை மீறியதாகப் பதவி போயிருக்கும். ஆனால் அரசு விழுந்திருக்கக்கூடும். கடிதம் அவர்களுக்கு ஆபத்தை மட்டும் தந்தது, பலனைத் தரவில்லை. வாக்கெடுப்பை நடத்த வைக்கும் அதிகாரம் தம்மிடம் இல்லாதபோது அதை நம்பிக் கையெழுத்துப் போட்டது அடிப்படைக் கோளாறு.

நோட்டீசுக்கு ஒவ்வொருவரும் நேரில் வந்து, கட்சியில் நீடிப்பதாக வாக்குமூலம் பதிவு செய்திருக்க வேண்டும். மூன்றாவது நீதிபதியும் அதே முடிவுக்கு வந்திருக்கலாம்தான். ஆனாலும் பதிவேட்டில் அவர்கள் சொல் இருந்திருக்கும்.

அடுத்து வந்தவர்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். 2019இல் அமமுக ஆதரவாளர்கள் என்று மூன்று அதிமுக உறுப்பினர்களுக்கு நோட்டீஸ் போனது. அந்நேரம் பேரவைத் தலைவரை நீக்கக் கோரும் தீர்மானத்துக்குத் திமுக மனு கொடுத்திருந்தது. அப்படி ஒரு மனு நிலுவையில் இருக்கும்போது அவர் தகுதி நீக்கம் குறித்து முடிவெடுக்கக் கூடாது என்ற 2016 நபம் ரெபியா தீர்ப்பைக் காட்டி, மே மாதம் அவர்களில் இருவர் உத்தரவு வரும் முன்பே உச்ச நீதிமன்றத்தில் தடை பெற்றார்கள். இடைத்தேர்தல் முடிவு தெரிந்த சில வாரங்களில் முதல்வரைச் சந்தித்துக் கட்சியோடு சமாதானமும் ஆனார்கள்.

சட்டப் பக்கத்தில், 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதாரணமாக 3 மாதத்துக்குள் பேரவைத் தலைவர் முடிவெடுக்க வேண்டும் என்றது. இந்த அதிகாரத்தை ஒரு கட்சியைச் சேர்ந்தவரிடம் விட்டுவைப்பதைப் பற்றி நாடாளுமன்றம் மறுபடி யோசிக்கலாம் என்றும் சொன்னது. அந்தக் கெடு 2017இல் இருந்திருந்தால் 11 பேர் மீதான புகாரும் 18 பேர் மீதான புகாரும் ஒரே அளவுகோலில் வந்து நின்றிருக்கும். தொகுதிகள் 20 மாதம் காலியாகக் கிடப்பதை அது தடுத்திருக்காது. இப்படிப்பட்ட வழக்குகளுக்கு உயர் நீதிமன்றத்தில் கெடு நிர்ணயிப்பதும், தேர்தலுக்குத் தடை போடும்போதே அந்தத் தொகுதி மக்களின் மனுக்களுக்கு யார் பொறுப்பு என்று மாவட்ட ஆட்சியருக்கு உத்தரவிடுவதும் தனியாகச் செய்ய வேண்டியவை. 18 தொகுதிகளின் புதிய உறுப்பினர்கள் 2019 மே மாதக் கடைசியில் பதவியேற்றபோது, 5 ஆண்டுப் பதவிக்காலத்தில் 2 ஆண்டுகள்கூட மிச்சமில்லை.